செல்போனைக் குலுக்கினால் தேகப்பயிற்சி ஆகுமா?

இரவு மணி ஒன்பதரை. தாராவி 90 அடி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்து. ஒருவர் நடந்து போனால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சந்தின் வாயிலில், இரும்பு ஏணியின் கடைசிப் படியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பத்து, பதினொரு வயதிருக்கும். கையில் ஒரு செல்போன். மருந்துப் பாட்டிலைக் குலுக்குவது போல் அதை மேலும் கீழும் குலுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னல செய்யுத?" என்று கேட்டேன்.

"டிரில் ஹோம் ஒர்க் மாமா. மூவாயிரம் அடி நடக்கணும். ரெண்டாயிரத்து எண்ணூறு ஆயிட்டு."

"நீ உக்காந்துல்லா இருக்க?"

"ஆட்டுனா போதும். அதுவா நடந்துக்கிடும்."

மேலே ஏணியில் அவனுடைய தகப்பனார் எட்டிப் பார்த்தார். மஸ்ஜித் பந்தரில் ஒரு லாரி ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவியிருந்தார். முகத்தில் ஈரம் கூடக் காயவில்லை.

"என்ன செய்ய அண்ணாச்சி? தினம் எத்தனை அடி நடந்தான்னு போனுல படம் பிடிச்சு, பள்ளிக்கூடத்து குரூப்புல போடணுமாம். வீட்டுல இருக்கது ஒரு போன். காலையில எட்டு மணிக்கு நான் போனா அதுவும் என்கூட வந்துரும். நான் வந்த பொறவுதான் இவன் நடக்கணும். இந்த நேரத்துல எங்கன போயி நடப்பான், நீங்களே சொல்லுங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

பிள்ளை ஓடியாட வேண்டும் என்று பள்ளிக்கூடம் நினைத்தது நல்ல நினைப்பு. அதற்கு இக்காலத்துக் கருவி ஒன்றைத் துணைக்கு அழைத்ததிலும் தவறில்லை. ஆனால் கருவியின் எண்ணிக்கை மட்டும் ஓடியது, பிள்ளை ஓடவில்லை. கோளாறு எங்கே?

டிரில் மாஸ்டர் காலம்

நம்மில் பலர் ஊரில் படித்தபோது டிரில் பீரியட் என்றால் ஒரு விசில், ஒரு கயிறு, காற்றுப் போன ஒரு பந்து, ஒரு வேப்பமரத்து நிழல். அவ்வளவுதான். பரீட்சை நெருங்கினால் அந்தப் பீரியடையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். ஆனாலும் குறையொன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனோம், நடந்து வந்தோம். குளத்தில் நீந்தினோம். கிட்டிப்புள், கபடி, நொண்டி, பாண்டி என்று இருட்டும் வரை ஆடினோம். தேகப்பயிற்சி என்று தனியாகச் செய்யாமலே உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டது.

இங்கே நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர். சந்தில் பந்து உருண்டால் மோட்டார் சைக்கிள் மேல் படும். அல்லது யாராவது சண்டைக்கு வருவார்கள். 2009-ம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தால், பள்ளிக்கூடம் என்று இருந்தால் அதற்கு விளையாட்டு மைதானமும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மும்பையில் இடத்தின் விலை என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். பல பள்ளிகளில் நான்கு சுவருக்கு நடுவே உள்ள சிமெண்டு முற்றம்தான் மைதானம்.

சி.பி.எஸ்.இ. 2018-ல் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை உடற்கல்வியைக் கட்டாயமாக்கி, தினம் ஒரு பீரியட் ஒதுக்கும்படி சொல்லியது. காகிதத்தில் அது நல்ல உத்தரவு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஜனவரி மாதத்தில் அந்தப் பீரியட் நடக்கிறதா என்று பிள்ளையிடம் கேட்டால்தான் தெரியும்.

பிள்ளைகள் எவ்வளவு அசைய வேண்டும்? 5 வயது முதல் 17 வயது வரை, சராசரியாக நாள் ஒன்றுக்கு 60 நிமிடம், மூச்சு சற்று வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த நிறுவனம் 146 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 11 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளில், 2016-ம் ஆண்டு நிலவரப்படி, நூற்றுக்கு 81 பேர் இந்த அளவை எட்டவில்லை. இந்தியாவில் சுமார் 74 பேர். உலகத்தைவிட நாம் சற்றுத் தேவலை என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம். நான்கு பிள்ளைகளில் மூன்று பிள்ளைகள் போதிய அளவு அசையவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

போன் எப்படி எண்ணுகிறது?

காலில் கட்டாத கருவி காலடியை எப்படி எண்ணுகிறது என்று பலருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. மாயம் ஒன்றுமில்லை. போனுக்குள் கடுகைப் போன்ற ஒரு சில்லு இருக்கிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலிக்கன் எடை, மெல்லிய வில்களில் தொங்குகிறது. போன் அசைந்தால் எடையும் அசையும். எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக அசைந்தது என்பதை மின்சார மாறுதலாக அந்தச் சில்லு தெரிந்துகொள்ளும். மனிதன் நடக்கும்போது உடம்பு ஒரே தாளத்தில் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் போன் ஓர் அடி, இரண்டு அடி என்று எண்ணுகிறது.

ஆகவே அது எண்ணுவது காலடியை அல்ல, குலுக்கலை. நம் பையன் இந்த விஞ்ஞானத்தை எந்தப் புத்தகமும் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டான்!

இதற்கு நேர்மாறான அநியாயமும் உண்டு. கபடி ஆடுகிற பையன் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டா ஆடுவான்? ஒரு மணி நேரம் வியர்க்க வியர்க்க ஆடியிருப்பான்; போன் சுவரோரம் பைக்குள் கிடக்கும்; கணக்கில் சைபர். நீச்சலுக்கும் அப்படித்தான்.

10 ஆயிரம் அடி என்று ஒரு எண் ஊரெல்லாம் புழங்குகிறது. டாக்டர்கள் கூடி ஆராய்ந்து சொன்ன எண் என்று பலர் நினைக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்து முடிந்த மறு ஆண்டு, அதாவது 1965-ல், ஜப்பானில் யமாசா என்ற கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஓர் அடியெண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு 'மான்போ-கெய்' என்று பெயர். '10 ஆயிரம் அடி மானி' என்பது பொருள். வியாபாரத்துக்கு வைத்த பெயர் நாளடைவில் வைத்தியமாகிவிட்டது. நடப்பது நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த எண்ணை எட்டாத பிள்ளை குற்றவாளி அல்ல.

கொக்கு மாதிரி நில்!

நம் நாட்டிலும் அரசாங்கமே இந்த வழியில் இறங்கியது. பிள்ளைகளின் உடல் தகுதியைப் பதிவு செய்வதற்கும், 18 விளையாட்டுகளின் விதிகளைக் கற்பதற்கும், பக்கத்தில் மைதானம் எங்கே என்று தேடுவதற்கும் 'கேலோ இந்தியா' செயலி 2019 பிப்ரவரியில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 29-ல் 'ஃபிட் இந்தியா' இயக்கம் தொடங்கியது. சரியாக இரண்டு வருஷம் கழித்து அதற்கும் ஒரு செயலி வந்தது. ஆகஸ்ட் 29 ஆக்கி வீரர் தயான்சந்த் பிறந்த நாள். தேசிய விளையாட்டு தினம்.

கேலோ இந்தியா திட்டத்தில் வகுத்த சோதனைகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. ஏனென்றால் இவற்றில் குலுக்கி ஏமாற்ற வழியில்லை. பிள்ளை செய்ய வேண்டும். வாத்தியார் பார்க்க வேண்டும். அதன்பிறகுதான் கருவியில் ஏற்ற வேண்டும்.

5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு, உயரம், எடை தவிர, இரண்டே சோதனை. ஒன்று, பூநாரையைப் போல் ஒற்றைக்காலில் நிற்பது. குளிர்காலத்தில் சிவ்ரி சேற்றுக் கடலோரம் இளஞ்சிவப்பாக வந்து நிற்கிறதே, அந்தப் பறவைதான். ஊர்ப் பாஷையில் சொன்னால் கொக்கு மாதிரி நிற்பது. 3 சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒரு கட்டைமேல் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். நிற்கிற நேரம் மொத்தம் 60 விநாடி வருவதற்குள் எத்தனை தடவை விழுந்தான் என்று எண்ணுவார்கள். இரண்டாவது, மேஜைமேல் உள்ள இரண்டு வட்டங்களை ஒரே கையால் மாறிமாறித் தட்டுவது. போக வர 25 தடவை தட்டி முடிக்க எத்தனை விநாடி என்பது கணக்கு. நொண்டியும் கல்லாங்காயும் ஆடிய நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த இரண்டையும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

9 வயதுக்கு மேல், 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டமோ நடையோ, உட்கார்ந்து காலை நீட்டி விரலைத் தொட முயல்வது, வயிற்றுத் தசைக்கான பயிற்சி, தண்டால். பெண் பிள்ளைகளுக்குத் தண்டாலில் சற்று மாற்றம் உண்டு. 600 மீட்டரில் நடக்கவும் செய்யலாம் என்று சேர்த்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. ஓட முடியாத பிள்ளையும் கோட்டைத் தொட்டுவிட்டு வரலாம் அல்லவா?

இந்தச் சோதனைகளில் கருவியின் வேலை என்ன? நினைவு வைத்துக்கொள்வது. ஜூலையில் 4 நிமிடம் எடுத்த பிள்ளை டிசம்பரில் 3 நிமிடம் 40 விநாடியில் முடித்தால், அந்த 20 விநாடியை வாத்தியார் மறந்துவிடுவார். வகுப்பில் 50 பேர் இருந்தால் யார்தான் நினைவு வைப்பார்? கருவி மறக்காது. அதைப் பிள்ளையிடம் காட்டி, "பாரப்பா, நீ 20 விநாடி ஜெயித்திருக்கிறாய்" என்று சொல்ல ஒரு வாத்தியார் வேண்டும். அதுவும் நடந்தால் பணம் போட்டு வாங்கிய கருவிக்கு வட்டியோடு பலன் உண்டு. ஒரு தடவை அளந்து, ஏற்றி, மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டு, மறு வருஷம் வரை பிள்ளை கண்ணில் காட்டாமல் வைத்தால், அது தேகப்பயிற்சி அல்ல, ஆபீஸ் ரிட்டர்ன். குமாஸ்தாக்களான நமக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஆறு வாரத்து அதிசயம்

"போனில் ஒரு நல்ல விளையாட்டைப் போட்டுக் கொடுத்தால் பிள்ளை தானே ஓடுவான்" என்று சிலர் சொல்வார்கள். 2016-ம் ஆண்டு இது பெரிய அளவில் பார்க்கப்பட்டுவிட்டது.

அந்த வருஷம் ஜூலையில் 'போக்கிமான் கோ' என்ற விளையாட்டு வெளிவந்தது. போனை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தால்தான் அதில் பொம்மைப் பிராணிகள் கிடைக்கும். அமெரிக்காவில் வீட்டுக்குள்ளேயே கிடந்த இளைஞர்கள் எல்லாம் வீதிக்கு வந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 18 முதல் 35 வயது வரையுள்ள ஆட்களின் போன்களில் பதிவான அடிகளை எண்ணிப் பார்த்தார்கள். முதல் வாரத்தில் நாள் ஒன்றுக்குச் சராசரி 955 அடி கூடுதல். சபாஷ்! அடுத்த வாரம் கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் குறைந்தது. ஆறாவது வாரம் பார்த்தால் பழைய கணக்குக்கே வந்துவிட்டது.

அவர்கள் பெரியவர்கள், பிள்ளைகள் அல்ல. ஆனாலும் புது பொம்மை எத்தனை நாளைக்குப் புது பொம்மை என்பதைப் பிள்ளை பெற்றவர்களுக்கு ஹார்வர்டு சொல்ல வேண்டுமா?

அதற்குப் பத்து வருஷம் முன்பு, 2006-ல், அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் இன்னொன்று செய்தது. ஜப்பானில் 1998-ல் வந்த ஒரு நடன யந்திரம் உண்டு. திரையில் அம்புக்குறி வரும். பாட்டின் தாளத்துக்கு ஏற்ப, தரையில் விரித்த பாயில் அந்தக் குறியை மிதிக்க வேண்டும். அதை மாநிலத்தின் 765 அரசுப் பள்ளிகளிலும் தேகப்பயிற்சிக்கு வைப்பதாக அறிவித்தார்கள். பருமனான பிள்ளைகள் அதிகம் உள்ள மாநிலம் அது. பந்து பிடிக்கத் தெரியாத, ஓட வெட்கப்படுகிற பிள்ளையும் இதில் ஆடும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அந்த எண்ணம் பிடிக்கிறது. விளையாட்டில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு யந்திரம் தேவையே இல்லை. ஒரு டென்னிஸ் பந்து போதும். ஓரத்தில் நிற்கிற பிள்ளையைத்தான் உள்ளே இழுக்க வேண்டும். மழைக்காலத்தில் நான்கு மாதம் முற்றமெல்லாம் தண்ணீர் நிற்கும் இந்த ஊரில், வகுப்பறையிலேயே தாளம் போட்டு ஆட வைக்க ஒரு போனும் ஒரு ஸ்பீக்கரும் இருந்தால் போதுமே. பாய் கூட வேண்டாம்.

விசிலுக்குப் பதில் 'பீப்'

ஒரு தொழில்நுட்பத்தை நல்லபடியும் கெட்டபடியும் பயன்படுத்தலாம் என்பதற்கு 'பீப் டெஸ்ட்' சரியான உதாரணம். கனடாவில் மாண்ட்ரீல் நகரத்தில் லூக் லெஜே என்பவர் 1982-ல் வெளியிட்டது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. 'பீப்' என்று சத்தம் வருவதற்குள் ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு ஓட வேண்டும். தொடக்கத்தில் மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகம். நிமிடத்துக்கு நிமிடம் அரைக் கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும். சத்தத்துக்குப் பின்தங்கியவர் விலக வேண்டும். அந்தக் காலத்தில் கேசட்டில் ஓடியது; இப்போது போனில் ஓடுகிறது. நம் கிரிக்கெட் வீரர்கள் விஷயத்தில் 'யோ-யோ டெஸ்ட்' என்று பத்திரிகைகளில் அடிபட்டதே, அது இதற்குத் தம்பி முறை.

செலவில்லை. 20 மீட்டர் முற்றம் போதும். ஐம்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம். மிகவும் நல்லது. ஆனால் முதலில் விலகுகிறவன் யார்? எந்தப் பிள்ளைக்கு ஓட்டம் அதிகம் தேவையோ, அவன்தான். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்து, மற்ற பிள்ளைகள் பார்க்க, பத்து நிமிடம் சுவரோரம் உட்கார்ந்திருப்பான். தேகப்பயிற்சி பீரியடில் அவனுக்குக் கிடைத்தது இரண்டு நிமிட ஓட்டமும் பத்து நிமிட அவமானமும். அடுத்த வாரம் "வயிற்றுவலி" என்று லெட்டர் எழுதித் தரச் சொல்வான்.

போன தடவை 14 கோடு ஓடினாய், இந்தத் தடவை 15 ஓடு என்று அவனுக்கென்று ஒரு இலக்கு வைத்தால் அதே 'பீப்' அவனுக்கும் உதவும். கருவி ஒன்றுதான், எதை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போனில் எனக்கு மிகவும் பிடித்த வித்தை மெதுவாக ஓடும் படம். சாதாரணமாக விநாடிக்கு 30 படம் எடுக்கிற போன், இந்த முறையில் 240 வரை எடுக்கும். ஒரு விநாடி எட்டு விநாடியாக நீளும். 1878-ல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர், ஓடுகிற குதிரையின் நான்கு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புமா என்று பார்க்க வரிசையாக 12 கேமராக்களை வைத்தார். குதிரைக்குச் சொந்தக்காரர் ஸ்டான்போர்டு பெரிய ரயில்வே முதலாளி. அவர் பணத்தில்தான் அது முடிந்தது. இன்று லாரி ஆபீஸ் குமாஸ்தாவின் சட்டைப்பையில் அந்த வசதி இருக்கிறது.

நீளம் தாண்டுகிற பையன், "நான் கோட்டை மிதிக்கவில்லை" என்று சாதிப்பான். படத்தைக் காட்டுங்கள். தன் கால் விரல் கோட்டுக்கு மேலே இருப்பதைத் தானே பார்ப்பான். அதோடு, தாண்டும்போது தலை கீழே குனிந்திருப்பதையும் பார்ப்பான். வாத்தியார் பத்துத் தடவை கத்தியும் விளங்காதது ஒரு தடவை பார்த்ததில் விளங்கிவிடும். பார்த்த உடனே மறுபடி தாண்டக் கிளம்புவான். போனை வாத்தியார் கையில் விட்டுவிட்டு பிள்ளை ஓடுகிறதே, அதுதான் எனக்குப் பிடித்த காட்சி.

குடம் சுமக்கும் பெண்

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு விவரம் இருக்கிறது. உலக அளவில் ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேர் போதிய அளவு அசைவதில்லை. பெண் பிள்ளைகளில் 85 பேர். ஆனால் இந்தியாவில் அந்த வித்தியாசம் சிறியது. நம் பெண் பிள்ளைகள் வீட்டு வேலை செய்வது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? நம் சந்துகளில் பார்த்தால் தெரியும். காலையில் குழாயில் தண்ணீர் வருகிற அரை மணி நேரத்துக்குள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி இறங்குவது எட்டாம் வகுப்புப் பெண். அப்போது போன் வீட்டுக்குள் சார்ஜில் கிடக்கும். ஒரு அடியும் கணக்கில் ஏறாது. மாலையில் தம்பி பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவான்; அவள் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். அப்பாவின் போன் வந்ததும் அதுவும் முதலில் தம்பி கைக்குத்தான். டிரில் ஹோம் ஒர்க் அவளுக்கும் உண்டு என்பது யார் நினைவுக்கும் வருவதில்லை.

அவளுக்குப் பள்ளிக்கூடத்து டிரில் பீரியட் ஒன்றுதான், கையில் பாரம் எதுவும் இல்லாமல் ஓடக் கிடைக்கிற நேரம். அதையும் போனில் வீட்டுப்பாடமாக மாற்றி வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டால் அவள் எங்கே போவாள்? 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது வேறு வழியில்லாமல் தேகப்பயிற்சியும் போனுக்குள் போனது. பத்துக்குப் பத்து அறையில் பிள்ளை குதிக்க, கீழ் வீட்டுக்காரர் கம்பால் தட்டிய கதையெல்லாம் நமக்குத் தெரியும். பள்ளிகள் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் சில இடங்களில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் கணக்கில் எத்தனை மார்க், இங்கிலீஷில் எத்தனை மார்க் என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். டிரில் பீரியட் வாரத்துக்கு எத்தனை, அது உண்மையில் நடக்கிறதா, போனில் அனுப்பச் சொல்கிற வேலையைப் பள்ளி முற்றத்திலேயே செய்ய வைக்க முடியாதா என்று கேட்பதற்கு இங்கிலீஷோ மராத்தியோ பிரமாதமாகத் தெரிய வேண்டியதில்லை. நான்கு பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பிள்ளையின் உயரம், எடை, பிறந்த தேதி, தண்டால் எடுக்கிற படம் எல்லாம் எங்கே போகின்றன? யார் பார்க்கிறார்கள்? 18 வயது ஆகாத பிள்ளைகளின் விவரங்களைக் கருவிகளில் ஏற்றுவதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023-ம் ஆண்டு தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் வகை செய்திருக்கிறது. பள்ளிக்கூடம் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கும். ஆனாலும் ஒரு பிள்ளையின் எடையை ஐம்பது பெற்றோர் உள்ள குரூப்பில் போடுவது நியாயம் அல்ல. எடையையும் உயரத்தையும் வைத்துப் போடுகிற கணக்கு, பெரியவர்களுக்கு ஒரு மாதிரி, வளர்கிற பிள்ளைகளுக்கு வேறு மாதிரி. வயதுக்குத் தக்கபடி, ஆண் பெண்ணுக்குத் தக்கபடி அட்டவணை மாறும். அது தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் போனைப் பார்த்துவிட்டு, "என்ன, பையன் ரொம்பக் குண்டோ?" என்பார். பிள்ளை அன்றைக்கே சோற்றில் கை வைக்கமாட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்கா பைவ் கார்டன் பக்கம் போயிருந்தேன். நம் லாரி ஆபீஸ் குமாஸ்தா அங்கே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பையன், அவனுக்கு அக்காவும் வந்திருந்தாள். அன்றைக்கு நான் பேசிவிட்டு வந்ததில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டதாம். போனைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்து, 600 மீட்டர் எங்கே முடிகிறது என்று ஒரு மரத்தை அடையாளம் வைத்திருந்தார்கள்.

முதலில் அக்கா ஓடினாள். துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரே ஓட்டம். 2 நிமிடம் 58 விநாடி. அடுத்து தம்பி ஓடினான். 3 நிமிடம் 20. அவன் முகம் தொங்கிப்போய்விட்டது. "இன்னொரு தடவை" என்றான்.

"பொறுல. இப்ப அப்பாக்க முறை" என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டினார். போன் மகன் கைக்குப் போயிற்று. மரத்தடிக்குத் திரும்பி வந்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்பா, அஞ்சு நிமிஷம் பத்து செகண்டு!" என்று கத்தினான் பையன். "குரூப்புல போட்டுரட்டா?"

"ஏல, போனைக் கொண்டால முதல்ல..." என்று அவர் எட்டிப் பிடிக்கப் போனார். போனோடு பையன் எடுத்த ஓட்டம், அடுத்த தோட்டத்தையும் தாண்டிப் போயிற்று.